தெற்கே பார்த்த காட்டெருமைத் தலை

கலபூயா ஆற்றங்கரை, ஆரிகன்
ஜனவரி 20, 1910

அன்பு டீலியாவுக்கு,

செனட்டர் ஹென்றி கிளே செத்த வருடம். பிளாட் ஆற்றோரம் காலரா எங்கள் மாட்டு வண்டிகளைவிட வேகமாக வந்த வருடம். மிசௌரி ஆற்றைக் கடக்க, படகுத்துறையில் முறைக்காக ஒன்பது நாள் நாங்கள் காத்துக் கிடந்த வருடம். உன் பாட்டி கெசையா, அதாவது என் அம்மா, அயோவாவை விட்டுக் கிளம்பியது அப்போதுதான். அதற்கு எண் என்ன என்று கேட்டிருக்கிறாய். எனக்கு எழுத்துத் தெரியாது. எண்ணும் நூறு வரைதான். ஜெருஷா 1852 என்கிறாள்.

ஜெருஷா பிம் எங்கள் ஊர் தபால் ஆபீஸ் நடத்துகிறவள். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவள்தான். கூலி, வாரம் ஆறு முட்டை. (ஆறுன்னு சொல்றார், அஞ்சுதான் வருது. ஜெ.பி.)

நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி?

வண்டியில் வந்து குடியேறியவர்களின் முன்னோடிகள் சங்கத்தில் வாசிக்க அம்மாவின் கதை வேண்டும் என்றாய். அம்மா பிறந்தது ஒகையோ. பதினேழு வயதில் கல்யாணம். பிறகு இந்தியானா, பிறகு அயோவா. ஒவ்வொரு முறையும் அப்பா ஜோத்தம் வண்டியிலிருந்து குதித்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

"கெசையா, இதான் கடைசி எடம். இனிமே நகர மாட்டேன்."

"போன தடவையும் இதே மண்ண மோந்துட்டு இதே வாயாலதான் சொன்னீங்க. எறங்கலாமா, இல்ல அடுப்பு வண்டியிலயே இருக்கட்டுமா?"

ஆரிகனுக்குக் கிளம்பும்போது என் அண்ணன் நாதனுக்குப் பதினான்கு, எனக்கு ஒன்பது. உன் அம்மா ஹல்டா பிறந்தது மூன்று வருடம் கழித்து இங்கே. இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

நலம் வேண்டும்,
மாமா ஓரின் டட்டில்


சியாட்டில்
பிப்ரவரி 6, 1910

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு மட்டும் சளி. முழங்காலுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடுத்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வாசித்தேன். அடுப்பு வண்டியிலேயே இருக்கட்டுமா என்ற இடத்தில் இவர் சூப்பைச் சிந்திவிட்டார்.

ஆனால் மாமா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். பாட்டியைப் புதைத்த இடத்தில் நட்ட பலகை உளுத்துப்போனது உங்களுக்கே தெரியும். பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கருங்கல் வைக்கப்போகிறோம். அதில் அவர் பெற்ற பிள்ளைகளில் இறந்துபோன மூவர் பெயரும் வரும். அம்மா தன் வேதப் புத்தகத்தின் முதல் தாளில் எழுதிவைத்திருப்பது இது: "அல்மைரா, கைக்குழந்தை, 1852இல் வழியில் இறந்தாள்." அதற்குமேல் அம்மாவுக்கும் தெரியாது. எந்த நாள்? எந்த இடம்? என்ன நோய்? அதைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நீங்கள் மட்டும்தான். கல் கொத்துகிறவர் மார்ச்சில் தொடங்குகிறார்.

அன்புடன்,
டீலியா


கலபூயா ஆற்றங்கரை
மார்ச் 2, 1910

அன்பு டீலியாவுக்கு,

தவிட்டு ஒத்தடம் போட்டேன். தவிட்டைக் கோழி தின்றது. முழங்கால் அப்படியே இருக்கிறது. சின்னவன் சளி தீர்ந்ததா?

இங்கே ஆற்றில் வெள்ளம். பழுப்புப் பசு இரட்டைக் கன்று போட்டது. ஒன்றுக்குப் பால் போதவில்லை, பக்கத்து வீட்டுப் பசுவிடம் விட்டிருக்கிறோம். அது சேர்த்துக்கொண்டது.

அம்மாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. பச்சை ஆறு தாண்டியதும் மலைக்காய்ச்சல் வந்து படுத்தாள். வண்டிக்குள் சாக்குகளின் மேல் கிடந்தாள், பால் வற்றிவிட்டது. அல்மைரா ஐந்து மாதப் பிள்ளை. அழ ஆரம்பித்தால் மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கும். எங்கள் கூட்டத்திலேயே ரோடா ஹாஸ்கின் என்று ஒருத்தி. அவள் தன் பிள்ளையை இரண்டு வாரம் முன்னால்தான் இனிப்புநீர் ஆற்றங்கரையில் புதைத்திருந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்தபடியே நடந்து வருவாள். அம்மாதான் அவளைக் கூப்பிட்டாள்.

"ரோடா, எம்பிள்ளைக்குக் குடுப்பியா?"

"குடுத்துட்டுத் திருப்பிக் குடுக்கணுமே அக்கா, அதான் பயமா இருக்கு."

"காய்ச்சல் விட்டதும் வாங்கிக்கறேன். அதுவரைக்கும் உம்பிள்ளைதான்."

ரோடா வாங்கிக்கொண்டாள். புல் போதாமல் அந்த வாரமே கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். நாங்கள் முன்னால் போனோம், ஹாஸ்கின் வண்டி ஒரு நாள் பின்னால் வந்தது.

ஜெருஷாவுக்குக் கை வலிக்கிறதாம். நிறுத்துகிறேன். (எனக்கு ஒரு வலியும் இல்ல. ஜெ.பி.)

மாமா ஓரின்


சியாட்டில்
மார்ச் 14, 1910

மாமாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் கன்றுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பசுவுக்கு ஒரு பக்கம், வெள்ளத்துக்கு ஒரு பக்கம், நான் கேட்டதற்கு மட்டும் வரியில்லை! கதையைப் பாதி வழியில் நிறுத்தி மாடுகளை அவிழ்த்துவிட்டீர்கள். அல்மைரா ரோடாவின் மடியில்தான் இறந்தாளா? அங்கேயே புதைத்தார்களா? பாட்டி பார்க்கவே இல்லையா?

நேரே சொல்லுங்கள் மாமா. கல் வந்து இறங்கிவிட்டது. பாட்டியின் பெயர் முடிந்து, நாதன் மாமா பெயரும் முடிந்தது. வரிசைப்படி அல்மைராதான் அடுத்தவள். தேதி தெரியாவிட்டால் "1852, வழியில்" என்று கொத்திவிடச் சொல்கிறேன்.

டீலியா


கலபூயா
மார்ச் 21, 1910

டீலியா,

கொத்தாதே. நிறுத்து.

அல்மைரா வழியில் சாகவில்லை. நாங்கள் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது கொழுகொழுவென்று இருந்தாள்.

ஓரின்

(இதச் சொல்லிட்டுத் தொப்பியக்கூட எடுக்காம மழையில எறங்கிப் போயிட்டார். உங்க ஊர் நலமா? இங்க நான் நலமில்ல, பதினோரு வருஷமா இவருக்கு எழுதறேன், இப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது. ஜெருஷா பிம்.)


சியாட்டில்
மார்ச் 29, 1910

அன்பான மாமாவுக்கு,

கல்லை நிறுத்திவிட்டேன். கொத்துகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "செத்தவங்க பட்டியல்ல உயிரோட இருக்கறவங்கள எப்படிம்மா சேக்கறது?" என்றார்.

என் அம்மா ஐம்பது வருடம், பார்க்காத அக்காவுக்காகப் பிரார்த்தனை செய்தாள். இறந்தவளாக நினைத்து. நீங்கள் பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுதிய இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். இப்போது ஒன்றைத்தான் கேட்கிறேன். என்ன நடந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் தொப்பி இல்லாமல் நடக்காதீர்கள்.

டீலியா


கலபூயா
ஏப்ரல் 30, 1910

அன்பு டீலியாவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால் ஆபீஸ் வாசல் வரை நாலு முறை வந்து திரும்பினேன். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

ராஃப்ட் ஆறு என்று ஒரு சின்ன ஆறு. அங்கேதான் வழி பிரிகிறது. மேற்கே போனால் ஆரிகன், தெற்கே திரும்பினால் கலிபோர்னியா. ரோடாவின் புருஷன் ஹாஸ்கினும் ஆரிகனுக்குத்தான் வருவதாகப் பேச்சு. ஆனால் தங்கம் தங்கம் என்று வாய் ஊறிக்கொண்டே இருப்பான். வழியில் தபால் ஏது? பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை வெளுத்துக் கிடக்கிற காட்டெருமை மண்டையோட்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போவோம். எல்லோரும் அப்படித்தான். அந்தக் கிளைச்சாலையில் எலும்பெல்லாம் எழுத்து.

அப்பாவுக்கும் எழுத்துத் தெரியாது. கூட்டத்தில் வாத்தியார் ஒருவர் இருந்தார். வண்டி அச்சுக்குப் போடும் தாரைத் தொட்டு ஒரு மண்டையோட்டின் நெற்றியில் எழுதிக் கொடுத்தார்: "ஹாஸ்கின், டட்டில் ஆரிகன் வழியில் போகிறான், சால்மன் அருவியில் காத்திருப்பான்." அப்பா அதை என் கையில் கொடுத்தார்.

"ஓரின், இதப் பாதை பிரியற எடத்துல வெச்சிட்டு ஓடியா. மூக்கு நாம போற பக்கம் பாக்கணும். ஹாஸ்கினுக்குப் படிக்கத் தெரியுமோ என்னமோ. நம்மள மாதிரி ஆளா இருந்தா மூக்கப் பாத்தாவது வரட்டும்."

மூக்கை மேற்கே பார்த்துத்தான் வைத்தேன். மேற்கேயிருந்து மணல்காற்று. தார் காயவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்தின் மேல் மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பயம். எழுத்து என்றால் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன்; வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று. அது அழிந்தால் அம்மாவுக்குப் பிள்ளை வராது என்று தோன்றியது. அதனால் காற்றுப் படாமல் மண்டையோட்டைத் தெற்கே திருப்பி வைத்தேன். ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்தேன். நல்ல வேலை செய்த சந்தோஷத்தில் ஓடினேன்.

சால்மன் அருவியில் நாலு நாள் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் வந்த கூட்டம் சொன்னது: ஹாஸ்கின் வண்டி தெற்கே திரும்பிவிட்டது.

அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். அப்பா பின்னால் ஓடினார்.

"எங்கடி போற? அவங்க ஆறு நாள் தள்ளிப் போயிட்டாங்க."

"ஏழாவது நாளும் நடக்கறேன்."

"இந்த ரெண்டையும் யாரு பாக்கறது?"

அதைக் கேட்டதும் நின்றாள். எங்களைப் பார்த்தாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். புல் இல்லை, மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இங்கே வந்த பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் அப்பா பிள்ளை செத்துவிட்டதாகச் சொன்னார். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தவன் என்று பேச்சு வரும் என்று பயம். அம்மா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஆறு வருடம், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மலைப்பாதை வந்து இறங்கும் இடத்துக்குப் போய் நின்றாள். புதிதாக வருகிற வண்டிகளில் பெண்பிள்ளை இருந்தால் வயது கேட்பாள்.

மூக்கைத் திருப்பியதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. இங்கே பள்ளிக்கூடம் வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஜன்னல் வழியாக ஓடிவந்துவிட்டேன். எழுத்தின் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாலும் சரி.

மாமா

(முட்டை வேண்டாம்னு சொல்லிட்டேன். ஜெ.பி.)


சியாட்டில்
மே 12, 1910

என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். கண்டிப்பாக இருக்க வேண்டும்.

ஒன்பது வயது, மாமா. என் பெரியவனுக்கு இப்போது ஒன்பது. முந்தாநாள் அடுப்பில் பன்றிக்கொழுப்பு கருகாமல் இருக்க வாளித் தண்ணீரை ஊற்றினான். தீ எகிறிச் சமையலறை கரியாகிவிட்டது. அவனை அடிக்கக் கை ஓங்கினேன், உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது, கை இறங்கிவிட்டது.

சங்கக் கூட்டத்தில் இந்த முறை நான் வாசிக்கவில்லை. முடியாத கதையை எப்படி வாசிப்பது? அதற்குப் பதில் கலிபோர்னியாவில் ஏழு பத்திரிகைகளுக்கு இரண்டு வரி அறிவிப்பு அனுப்பினேன்: 1852 ஆகஸ்டில் ராஃப்ட் ஆறு வரை வந்த ரோடா ஹாஸ்கினிடம் வளர்ந்த அல்மைரா என்பவரைத் தாய்வழி உறவினர் தேடுகிறார்கள். அவ்வளவுதான், வேறு எதுவும் எழுதவில்லை. பதில் வந்தால் நேரே உங்களுக்கு வரும்படி உங்கள் முகவரியையும் கொடுத்திருக்கிறேன். கல்லில் நாதன் மாமா பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, அம்மா பெயரைக் கொத்தச் சொன்னேன்.

டீலியா


உட்லண்ட், கலிபோர்னியா
ஆகஸ்ட் 9, 1910

ஓரின் டட்டில் அவர்களுக்கு,

உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன். நலமாக இருக்கிறீர்களா? நான் நலம். இங்கே வெயில். பீச் பழம் காயவைக்கிற காலம், என் கையெல்லாம் சுணை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஒரு பழைய பத்திரிகையால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அதில் என் பெயரைப் பார்த்தேன். அல்மைரா ஹாஸ்கின்தான் நான். கல்யாணத்துக்குப் பிறகு அல்மைரா பெட்டிட். கணவர் இல்லை. மகன்கள் மூன்று பேர்.

பதினாறு வயதில் அம்மா ரோடா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உன்னப் பெத்தவ வேற. சினேக் ஆத்தங்கரையில காய்ச்சல்ல போயிட்டா. அப்புறம் உன்னத் தேடிக்கிட்டு யாரும் வரல. உம்பேர மட்டும் நான் மாத்தல. அது அவ வெச்சது."

ரோடா நல்ல அம்மா. என்னை ஒரு நாளும் கண்ணை விட்டு விலகவிட மாட்டாள். ஊருக்குப் புதிதாக யாராவது வந்தால் என்னை உள்ளே அனுப்பிவிடுவாள். பயந்த சுபாவம். அப்பா ஹாஸ்கின் கலகலப்பானவர். எழுத்தென்றால் உயிர், மருந்துப் புட்டியில் இருப்பதைக்கூட உரக்கப் படிப்பார். வந்த வழியைப் பற்றி ஆயிரம் கதை சொல்வார். ராஃப்ட் ஆற்றுக் கிளைச்சாலையில் கிடந்த எலும்புகளை ஒன்று விடாமல் படித்தேன் என்று பெருமை. "யாரோ ஒருத்தன் தொலைஞ்ச கழுதைக்குக்கூடக் கடுதாசி எழுதி வெச்சிருந்தான்" என்று சிரிப்பார். இருவரும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் யாரும் வரவில்லை?

அல்மைரா


கலபூயா
அக்டோபர் 16, 1910

அன்பு டீலியாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இந்த முறை "எல்லோரும்" என்பது உண்மை.

அல்மைராவின் கடிதத்தை ஜெருஷா படித்துக் காட்டினாள். எலும்புகள் இருந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னேன். பிறகு முன்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன்.

"ஓரின், அந்த ஹாஸ்கினுக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கு" என்றாள் ஜெருஷா.

"தெரிஞ்சிருக்கு."

"அப்ப மூக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

ஆமாம். மூக்கு எந்தப் பக்கம் இருந்தால் என்ன. ஐம்பத்தெட்டு வருடம் அந்த மண்டையோட்டை நான் சுமந்தேன், அவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் தெற்கே திரும்பியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. வேலிக்கம்பு ஒன்றை உடைத்தேன். பிறகு சட்டை முன்பக்கம் நனைந்தபடி நடந்து வந்த ரோடாவை நினைத்தேன். திருப்பிக் கொடுக்கணுமே, அதுதான் பயமாக இருக்கிறது என்று முதல் நாளே சொன்னாள். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

வந்து பேசிக்கொள்வோம் என்று மட்டும் அல்மைராவுக்குப் பதில் போட்டேன். போன வாரம் அவளே ரயிலேறி வந்துவிட்டாள். ஹால்சி நிலையத்தில் வண்டியோடு நின்றேன். இறங்கியது பருமனான ஒரு அம்மாள், கையில் உலர்ந்த பீச் மூட்டை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் ஓரினா? இவ்ளோ குள்ளமாவா இருப்பீங்க?"

"நீ என்னக் கடைசியா பாத்தப்ப நான்தான் உன்னத் தூக்கி வெச்சிருந்தேன். அப்ப உயரமாத்தான் தெரிஞ்சிருப்பேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். மூட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை. அம்மாவும் அப்படித்தான், அழுதாலும் கையில் இருப்பதை விடமாட்டாள்.

அம்மாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். கல்லில் நீ விட்டிருந்த இடத்தை விரலால் தடவினாள். அங்கேதான் மறுபடி கேட்டாள்.

"ஏண்ணா யாருமே வரல?"

சொன்னேன். அம்மா வந்த வழியே நடந்ததைச் சொன்னேன். ஆறு வருடம் மலைப்பாதையில் போய் நின்றதைச் சொன்னேன். பிறகு, வழிகாட்ட ஒரு மண்டையோடு வைத்தோம், நான் சின்னப் பையன், மூக்கைத் தப்பான பக்கம் வைத்துவிட்டேன், அதைப் பார்த்து உன்னை வளர்த்தவர்கள் தெற்கே போய்விட்டார்கள் என்றேன். அதில் எழுத்து இருந்ததைச் சொல்லவில்லை.

கல்லின் அந்த வெற்று இடத்தை மறுபடி தடவினாள்.

"அப்ப ரோடாம்மாவும் உங்களத் தேடித்தான் இருப்பா, இல்ல? தப்பான பக்கம் தேடியிருப்பா, பாவம்."

"தேடித்தான் இருப்பா" என்றேன்.

அவளை வளர்த்தவள் அவள் மனதில் அப்படியே இருக்கட்டும், டீலியா. ஒன்பது வயதுப் பையன்மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள். அவளும் படவில்லை, என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அவ்வளவுதான். நீ சங்கத்தில் வாசிக்கும்போதும் அப்படியே எழுது: டட்டில் வீட்டுப் பையன் மண்டையோட்டைத் தப்பாக வைத்தான் என்று. என் பெயரையும் போடு. இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. (இது அநியாயம். ஆனா எழுதச் சொன்னார், எழுதிட்டேன். ஜெ.பி.)

கல் கொத்துகிறவரிடம் சொல், அந்த வரியில் பெயரும் பிறந்த வருடமும் மட்டும் போதும். மீதி இடம் காலியாகக் கிடக்கட்டும், அவசரமில்லை.

உன் கதை முடிய, யார் யார் போனார்கள், யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன். அப்பா ஜோத்தம் போய்விட்டார். கடைசியாக மண்ணை முகர்ந்தது இங்கேதான், அந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மா கெசையா, பெரும்பனி பெய்து கொட்டகைக் கூரை விழுந்த குளிர்காலத்துக்கு அடுத்த வசந்தத்தில் போனாள். நாதன் மரம் விழுந்து போனான். உன் அம்மா ஹல்டா போனது உனக்கே தெரியும். கெசையா பெற்றவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது இரண்டே பேர். ஒருவன் நான், அறுபத்தேழு வயது, ஒரு முழங்கால். என்னைவிட ஒன்பது வயது இளையவள், எனக்குப் பிறகும் நெடுங்காலம் இருக்கப்போகிறவள், இந்த நிமிடம் ஜெருஷாவின் அடுப்பில் பீச் பழத்துக்குச் சர்க்கரை போதாது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் அல்மைரா.